தலையில் அடிபட்ட மாணவனிடம் முடிவை விட்டுவிடலாகாது

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் 2013ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி வைத்தியசாலையில் உயிரிழந்தார். தமது பாடசாலையின் மகளிர் றகர் அணிக்குத் தலைமை தாங்கிய அவர், அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர் நடைபெற்ற போட்டியொன்றில் மடக்கி வீழ்த்தப்பட்டு, தலை நிலத்தில் மோதி நினைவிழந்திருந்தார். அந்த ஒரு வார காலத்தினுள் அதற்கு முன்பும் அவர் தலையில் அடிபட்டிருந்தார் என்ற உண்மை பின்னரே வெளிவந்தது. தமக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை நண்பர்களுக்குக் குறுஞ்செய்தி மூலம் அவர் தெரிவித்திருந்தார். அதன் அறிகுறிகள் யாவை என்று இணையத்திலும் தேடிப் பார்த்திருந்தார். ஆனால், அவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய இடத்திலிருந்த பெரியவர்கள் எவருக்கும் இந்த விடயம் தெரிந்திருக்கவில்லை.

அந்த மரணம் குறித்து 2015ஆம் ஆண்டில் நடைபெற்ற மரண விசாரணையில் யூரிகள் 49 பரிந்துரைகளை முன்வைத்தனர். அவற்றின் பயனாக 2018ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாண சட்டசபை ‘ரோவன் சட்டம்’ எனப்படும் சட்டத்தை நிறைவேற்றியது. இளம் விளையாட்டு வீரர்களின் மூளையதிர்ச்சி தொடர்பாகக் கனடாவில் இயற்றப்பட்ட முதலாவது சட்டம் இதுவேயாகும். இதன்படி, விளையாட்டு அமைப்பொன்றில் பதிவு செய்யும் 26 வயதுக்குட்பட்டோரும், 18 வயதுக்குட்பட்டோராயின் அவர்தம் பெற்றோரும், மூளையதிர்ச்சி பற்றிய விளக்கப் பிரசுரத்தை வாசித்தறிந்ததாக ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும். பயிற்றுநர்களுக்கும் இக்கடப்பாடு உண்டு. ஸ்காபரோவில் வாழும் நமது உறவினர் ஒருவர் தம் பிள்ளையை உதைபந்தாட்டக் கழகமொன்றில் சேர்க்கச் செல்வாராயின், அவரும் இந்த உறுதியை வழங்கியே ஆகவேண்டும். அவருடைய சகோதரரின் பிள்ளை யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கல்முனையிலோ புத்தளத்திலோ அதே விளையாட்டை விளையாடுகின்றான். இங்குள்ள தந்தையிடம் எவரும் எதனையும் வாசித்துப் பார்க்குமாறு கேட்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு சிந்திக்க வேண்டியுள்ளது.

மூளையதிர்ச்சி என்பது யாது என்பதில் நம்மிடையே இன்னமும் தெளிவின்மை நிலவுகின்றது. மண்டையோட்டினுள் திரவத்தால் சூழப்பட்ட நிலையில் மூளை அமைந்துள்ளது. தலையிலோ முகத்திலோ கழுத்திலோ, சில வேளைகளில் உடலின் வேறொரு பாகத்திலோ விழும் பலமான அடியின் விசை தலையைச் சடுதியாக அசைக்கும்போது மூளையும் உள்ளே குலுங்குகின்றது. நரம்புக் கலங்களின் இரசாயனச் சமநிலை குழம்புகின்றது. அதனைச் சீர்செய்ய மூளைக்கு அதிக சக்தி தேவைப்படும் அதே வேளையில், அதற்குரிய இரத்த ஓட்டம் குறைந்து காணப்படுகின்றது. எலும்பு முறிவைப் போன்று படத்தில் தெரியும் காயமாக இது இருப்பதில்லை. சீ.ரி. ஸ்கான் பரிசோதனை பெரும்பாலும் எவ்விதக் குறைபாட்டையும் காட்டாது. மண்டையோட்டு முறிவோ இரத்தக் கசிவோ இல்லை என்பதை அறிவதற்கே அப்பரிசோதனை உதவுகின்றது. எனவே, ‘ஸ்கானில் ஒன்றுமில்லை’ என்ற செய்தியுடன் வீடு திரும்பும் பிள்ளைக்கு மூளையதிர்ச்சி இல்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவது தவறாகும்.

மற்றொரு தவறான நம்பிக்கை மயக்கம் பற்றியதாகும். நினைவிழந்து வீழ்ந்தால் மாத்திரமே ஆபத்து என்று மைதானத்தில் நிற்போர் கருதுகின்றனர். உண்மையில் மூளையதிர்ச்சிக்கு உள்ளாவோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே நினைவிழக்கின்றனர். ஏனையோர் எழுந்து நிற்கின்றனர், நடக்கின்றனர், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்கின்றனர். ஆனால், தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க இயலாமை, தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் அல்லது அழுகை, எதிலும் ஈடுபாடற்ற மந்தநிலை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ அவர்களிடம் காணப்படலாம். எந்த மைதானத்தில் நிற்கின்றோம், கடைசியாகப் புள்ளி பெற்றது எந்த அணி, சென்ற போட்டியில் வென்றது யார் போன்ற எளிய வினாக்களுக்கு விடையளிக்கத் தடுமாறுவதும் ஒரு முக்கிய அறிகுறியாகும். இவை உடனடியாகவே தோன்ற வேண்டுமென்பதில்லை. சில மணித்தியாலங்கள் கழித்தோ, ஓரிரு நாள்களின் பின்னரோ வெளிப்படுவதும் உண்டு.

2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற ஆஷஸ் டெஸ்ட் போட்டி இதற்குச் சிறந்த உதாரணமாகும். இங்கிலாந்தின் ஜொஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. அணி வைத்தியர் அவரைப் பரிசோதித்தார். பரிசோதனைகளில் தேறிய ஸ்மித் சுமார் முக்கால் மணித்தியாலத்தின் பின் மீண்டும் ஆட வந்தார். ஆனால், மறுநாட் காலையில் அறிகுறிகள் தலைதூக்கவே போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாகக் களமிறங்கிய மார்னஸ் லபுஷேன், டெஸ்ட் வரலாற்றில் மூளையதிர்ச்சிக்கான முதலாவது மாற்று வீரரானார். அவ்வாறான மாற்று வீரரை அனுமதிக்கும் விதியைச் சர்வதேச கிரிக்கெட் சபை அம்மாதம் 1ஆம் திகதியிலிருந்துதான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் கன்பராவில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில் நமது வீரர் குசல் பெரேராவின் தலைக்கவசத்தைப் பந்து தாக்கியபோதும், அவர் முதலில் தொடர்ந்து ஆடிவிட்டுச் சற்று நேரத்தின் பின்னரே களத்தை விட்டு வெளியேறினார். எல்லைக்கோட்டருகே வைத்தியர்கள் காத்திருக்கும் சர்வதேசப் போட்டிகளிலேயே முதற் பார்வையில் எதுவும் தெரியாதிருக்கலாமெனில், வைத்தியர் எவருமற்ற பாடசாலை மைதானத்தில் எடுக்கப்படும் உடனடி முடிவுகளின் தரம் எத்தகையதாக இருக்குமென்பதை விளக்க வேண்டியதில்லை.

இளம் பருவத்தினர் விடயத்தில் மேலும் கவனம் தேவைப்படுகின்றது. வளர்ந்தோர் பெரும்பாலும் இரு வாரங்களில் குணமடைகின்றனர். சிறுவர்களுக்கு நான்கு வாரங்கள் வரை செல்லலாம். முதல் அடியிலிருந்து மூளை மீள்வதற்கு முன்னர் இரண்டாவது அடி விழுமாயின், அது சிறிய அடியாக இருப்பினும், மூளை வேகமாக வீங்கி உயிராபத்து ஏற்படுவதுண்டு. ‘இரண்டாம் தாக்க நோய்நிலை’ என மருத்துவ உலகம் குறிப்பிடும் இந்நிலை மிக அரிதானது. எனினும், அதற்குப் பலியானோர் பெரும்பாலும் பதின்ம வயதினரும் இளைஞருமே ஆவர். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் சக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் தலையில் அடிபட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்த பின் மீண்டும் களமிறக்கப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து வீழ்ந்தான். மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு காரணமாகப் பல மாதங்கள் பேச்சிழந்திருந்தான். அவனது பெயரில் 2009ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் இயற்றப்பட்ட சட்டம் மூன்று விடயங்களையே கூறியது. பெற்றோருக்கும் வீரருக்கும் முன்கூட்டியே அறிவூட்டுதல், சந்தேகம் எழுந்தவுடன் களத்திலிருந்து அகற்றுதல், தகுதி வாய்ந்த மருத்துவத் துறையினரின் எழுத்து மூல அனுமதியின்றி மீள அனுமதியாமை என்பனவே அவை. 2014ஆம் ஆண்டாகும்போது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இது போன்ற சட்டங்கள் நிறைவேறியிருந்தன.

இச்சட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைந்த உண்மை ஒன்றே. அடிபட்ட பிள்ளையின் வாக்குமூலத்தை நம்பி முடிவெடுக்க இயலாது. நமது மைதானங்களில் நடப்பதைச் சற்று நினைவுக்குக் கொண்டுவருவோம். சிறுவன் வீழ்கின்றான். தண்ணீர்ப் போத்தலுடன் ஒருவர் ஓடுகின்றார். தலையில் தண்ணீர் ஊற்றப்படுகின்றது. “தம்பி, ஏலுமா?” என்று கேட்கின்றார் பயிற்றுநர். “ஏலும் சேர்” என்கின்றான் அவன். வேறெதனை அவன் சொல்வான்? சுற்றிலும் சக மாணவர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். பழைய மாணவர்கள் கொட்டகையின் கீழ் அமர்ந்திருக்கின்றனர். அணியில் அவனது இடத்தைப் பிடிக்க இன்னொருவன் காத்திருக்கின்றான். ஆடாமல் அமர்ந்தால் பயந்தவன் என்ற பெயர் கிடைக்கும். ஆடினால் வீரன் என்ற பெயர். போதாக்குறைக்கு, தீர்ப்புக் கூற வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கின்றது. காலில் அடிபட்டவன் தன் காலைப் பற்றி ஓரளவு சரியாகச் சொல்லக்கூடும். மூளையில் அடிபட்டவனிடம் அவனது மூளையின் நிலையைக் கேட்டறிவது எங்ஙனம்?

பயிற்றுநரைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. சிறு ஊதியத்துக்கும், பல இடங்களில் ஊதியமின்றியும், வெயிலில் நின்று பிள்ளைகளைப் பயிற்றுவிப்போரின் அர்ப்பணிப்பு மதிக்கத்தக்கது. ஆயினும், வெற்றியைக் கொண்டே அவரது திறமை எடைபோடப்படுகின்றது. 1904ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்று வரும் ‘வடக்கின் போர்’ கிரிக்கெட் போட்டியாயினும், 1945இல் ஆரம்பமான பிராட்பி கேடய றகர் போட்டியாயினும், அந்நாளில் பாடசாலையின் மானமே களத்தில் இருப்பதாகக் கருதப்படுகின்றது. அத்தகைய நேரத்தில் அணியின் சிறந்த வீரனை வெளியேற்றும் பொறுப்பை, அவனது ஆட்டத்தையே நம்பியிருக்கும் மனிதரிடம் ஒப்படைப்பது அவருக்கும் அநீதியாகும்.

மேலும், பெரும் போட்டிகளைப் பற்றி மாத்திரம் சிந்திப்பது போதாது. அவற்றுக்கு அம்புலன்ஸ் வருகின்றது. முதலுதவிப் படையினர் நிற்கின்றனர். ஆண்டு முழுவதும் மாலை வேளைகளில் நடைபெறும் பயிற்சிகளுக்கு எவர் நிற்கின்றனர்? கடற்கரையோர ஊர்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் இரு தலைகள் மோதும்போது பொறுப்பேற்க எவர் உள்ளனர்? சிறுவனின் தலைவலிக்குக் காரணம் கற்பிப்பதும் நமக்குக் கைவந்த கலையாகும். வெயில் என்கின்றோம், தண்ணீர் குடிக்காமை என்கின்றோம், ரமழான் மாதமாயின் நோன்பின் களைப்பு என்கின்றோம். இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அன்று மாலை தலையில் அடிபட்டவனுக்கு வரும் தலைவலியை வேறு காரணங்களுக்குள் அடக்கிவிடுதல் கூடாது.

சந்தேகம் எழுந்ததும் செய்ய வேண்டியது கடினமானதன்று. பிள்ளையை உடனடியாகக் களத்திலிருந்து அகற்ற வேண்டும். அன்றைய தினம் மீண்டும் ஆட அனுமதிக்கலாகாது. அரை மணித்தியாலத்தில் அவன் முற்றாகத் தெளிந்து விட்டாலும் இம்முடிவு மாறக்கூடாது. அவனைத் தனியே வீட்டுக்கு அனுப்புதலும், துவிச்சக்கர வண்டியில் செல்ல விடுதலும் தவறு. முதல் 24 மணித்தியாலமும் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் அவன் இருத்தல் வேண்டும். கழுத்து வலி, மோசமடைந்து செல்லும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால்களில் பலவீனம் அல்லது விறைப்பு, குறைந்து செல்லும் நினைவு, கட்டுக்கடங்காத பதற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்படின் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவையான ‘சுவசெரிய’வை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கழுத்தில் காயம் இருக்கலாமென்ற ஐயமிருப்பின், பயிற்சி பெற்றோர் வரும்வரை அவனைத் தூக்குவதோ தலைக்கவசத்தைக் கழற்றுவதோ கூடாது. நாலு பேர் கை கால்களைப் பிடித்துத் தூக்கி ஓரத்தில் கிடத்தும் நமது வழக்கம் நல்லெண்ணத்தால் விளைவது. எனினும், முள்ளந்தண்டுக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும்.

மீண்டும் விளையாட்டுக்குத் திரும்புவது பற்றிய கருத்துகளும் அண்மைக் காலத்தில் தெளிவடைந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரில் கூடிய சர்வதேச நிபுணர்கள் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட இணக்க அறிக்கை, இருட்டறையில் நாட்கணக்கில் கிடத்தி வைக்கும் பழைய முறையை ஆதரிக்கவில்லை. முதல் ஓரிரு நாள்களுக்கு அளவான ஓய்வு போதுமானது. அக்காலப்பகுதியில் கைத்தொலைபேசித் திரையைப் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். மெதுவான நடை நன்மையே தரும். அதன் பின் இலேசான உடற்பயிற்சி, பந்துடன் தனிப் பயிற்சி, மோதலற்ற குழுப் பயிற்சி, மருத்துவ அனுமதியின் பின் முழுமையான பயிற்சி, இறுதியாகப் போட்டி என்று படிப்படியாக முன்னேற வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் சாதாரண நிலை விளையாட்டுகளுக்காக 2023ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வழிகாட்டல்களின்படி, அடிபட்ட நாளிலிருந்து 21 நாள்கள் கடக்கும் முன்னர் எவரும் போட்டிக்குத் திரும்பலாகாது. தலையில் அடிபடக்கூடிய பயிற்சிக்குத் திரும்புவதாயின், அதற்கு முன் 14 நாள்கள் அறிகுறியேதுமின்றிக் கழிந்திருக்க வேண்டும். மூன்று வாரங்கள் என்பது பாடசாலைப் பருவகாலத்தில் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஒரு பிள்ளையின் ஆயுட்காலத்துடன் ஒப்பிடுகையில் அது எம்மாத்திரம்?

விளையாட்டுக்கு முன்னர் படிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதும் நிபுணர்களின் அறிவுரையாகும். இது நமது சமூகங்களுக்கு மிகவும் பொருந்துகின்றது. காலையில் பாடசாலை, மாலையில் பயிற்சி, இரவில் தனியார் வகுப்பு என்று இயங்கும் பிள்ளைக்கு மூளையதிர்ச்சி ஏற்படின், அதன் முதல் தாக்கம் புத்தகத்தில்தான் தெரியும். வாசித்த வரியையே திரும்பத் திரும்ப வாசிப்பான். கரும்பலகையில் எழுதியிருப்பது கண்ணைக் கூசச் செய்யும். சாதாரண தரப் பரீட்சையோ உயர்தரப் பரீட்சையோ நெருங்கியிருக்கும். வகுப்பாசிரியருக்கு விடயம் தெரியாது. வீட்டில் ‘விளையாட்டுப் பித்து’ என்றும் வகுப்பில் ‘சோம்பேறி’ என்றும் ஏச்சு விழும். மைதானத்தில் நடந்ததை வகுப்பறைக்குத் தெரிவிக்கும் ஒரு சிறு குறிப்பு இருந்திருப்பின் அப்பிள்ளை இத்துன்பத்திலிருந்து தப்பியிருப்பான்.

நமது நாட்டில் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. அணியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க விளக்கத் தாள் வழங்கப்பட்டு, வாசித்தமைக்கான கையொப்பம் பெறப்பட வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் பயிற்சிக்கும், வெற்றி தோல்வியில் அக்கறையற்ற ஒருவர், உதாரணமாக முதலுதவிப் பயிற்சி பெற்ற வேறொரு ஆசிரியர், பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். அவர் ‘வெளியே’ என்றால் அன்றைய தினத்துக்கு அதுவே முடிந்த முடிவு. அதிபரோ பயிற்றுநரோ பெற்றோரோ அதனை மாற்ற இயலாது. அடிபட்ட திகதியைப் பதியும் ஏடொன்று பாடசாலையில் இருத்தல் வேண்டும். அதன் பிரதி வகுப்பாசிரியருக்கும், பிள்ளை வெளிக் கழகமொன்றிலும் ஆடுவானாயின் அக்கழகத்துக்கும் செல்ல வேண்டும். வைத்தியரின் எழுத்து மூல அனுமதியின்றி மீண்டும் களமிறங்க இயலாது என்பதைப் போட்டிகளை நடத்தும் சங்கங்கள் தமது விதிகளில் சேர்க்க வேண்டும். கல்வியமைச்சும் விளையாட்டுத்துறை அமைச்சும் இதனைச் சுற்றறிக்கையாக வெளியிடுவதற்குப் பெருநிதி எதுவும் தேவைப்படாது.

இதற்கு எதிராக எழுப்பப்படும் வினாக்களையும் ஒதுக்கிவிட இயலாது. கிராமப்புறங்களில் வைத்தியரைக் காண்பதற்கே ஒரு நாள் செலவாகின்றது. ஏற்கெனவே விளையாட்டை வீண் என்று கருதும் பெற்றோர், ஆபத்துகளைப் பற்றிக் கேள்வியுற்றதும் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, முற்றாகவே தடுத்துவிடுவர் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால், விதியொன்று இருப்பதுதான் அவ்வச்சத்துக்கு மாற்று மருந்தாகும். தம் பிள்ளைக்கு அடிபட்டால் எவர் பொறுப்பு, என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்த பெற்றோர் துணிந்து அனுப்புவர். ஒன்றும் அறியாத பெற்றோரே ஒரு விபத்துச் செய்தியுடன் கதவை அடைத்துவிடுகின்றனர். சட்டம் இயற்றிய நாடுகளிலும் அறிகுறிகளை மறைத்து ஆடும் பிள்ளைகள் இல்லாமற் போய்விடவில்லை என்பதும் உண்மையே. எனவே, விதியுடன் மனப்பாங்கும் மாற வேண்டும். ‘தலை இடிக்கின்றது சேர்’ என்று சொல்லி வெளியேறும் சிறுவனை அணியின் முன் பாராட்டும் ஒரு பயிற்றுநர், பத்துச் சுற்றறிக்கைகளுக்குச் சமமானவர். தோழன் தடுமாறுவதைக் கண்டு ஆசிரியரிடம் சொல்லும் மாணவனைக் கோள்மூட்டி என்று ஏசாத அணியும் அவ்வாறே.

ரோவன் ஸ்ட்ரிங்கரின் விடயத்தில் ஐயம் இருந்தது. அந்த ஐயம் நண்பர்களின் கைத்தொலைபேசிகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. முடிவெடுக்கும் சுமை முழுவதும் ஒரு 17 வயதுப் பிள்ளையின் தலையில், அதுவும் அடிபட்ட தலையில், விழுந்தது. நமது மைதானங்களில் நாள்தோறும் அதே சுமை நம் பிள்ளைகள் மீதும் சுமத்தப்படுகின்றது. பெரும் துயரமொன்று நேர்ந்த பின்னர் இரங்கலுரைகளுடன் குழு அமைப்பது இந்நாட்டில் பழகிப்போன விடயமாகும். இவ்விடயத்திலாவது அதற்கு முன்னரே விழித்துக்கொள்வோமாக. அடுத்த பருவகாலத்துக்கான அணித் தெரிவுகள் ஆரம்பமாகும்போது, சீருடைக்கும் சப்பாத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்னர், “என் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் வெளியே எடுப்பது யார்?” என்று ஒவ்வொரு பெற்றோரும் பாடசாலையிடம் கேட்டாக வேண்டும். அதற்கு ஒருவரின் பெயரைப் பதிலாகக் கூற இயலாத பாடசாலை, போட்டிக்கு இன்னமும் தயாராகவில்லை என்றே கொள்ள வேண்டும்.